கிடா பெருத்திருக்கிறது, சினை மட்டும் ஏன் நிற்கவில்லை?

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"வணக்கம் டாக்டர். 45 மேச்சேரிச் செம்மறிப் பெட்டை ஆடுகள் வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து ஒரே வழக்கம்தான், கிடாக் குட்டிகளில் எது வேகமாக எடை ஏறுகிறதோ அதைப் பொலி கிடாவுக்கு நிறுத்திக்கொண்டு மற்றதை விற்றுவிடுவோம். வெளியிலிருந்து கிடா வாங்கி ஏழெட்டு வருஷம் ஆகிறது. இப்போது இருக்கும் கிடா நல்ல ஆகிருதி, போச்சம்பள்ளி சந்தைக்குக் கொண்டுபோனால் கூட்டம் கூடும். ஆனால் போன ஆடியில் விட்டதில் பாதி ஆடுகள்தான் சினை பிடித்தன. எடைக்காகவே பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததால் ஆண் ஹார்மோன் குறைந்துவிட்டது, ஊசி போட்டால் சரியாகும் என்று ஒருவர் சொல்கிறார். ரத்தம் எடுத்து லேபில் கொடுத்தேன், டெஸ்டோஸ்டிரோன் 1.2 என்று வந்திருக்கிறது. குறைவுதானே? ஊசி போடலாமா? இல்லை, இரட்டைக் குட்டி போடும் இனத்துக் கிடா வாங்கிக் கலந்துவிடலாமா?"

வணக்கம். முதலில் அவசரமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: அந்த ஊசியைப் போடாதீர்கள். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே யோசனையை உங்களிடம் இன்னும் நாலு பேர் சொல்வார்கள்.

கிடாவின் விதை தானாக வேலை செய்வதில்லை. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்திலிருந்து ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோன் விட்டு விட்டு வருகிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அங்கிருந்து எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டும் ரத்தத்தில் இறங்குகின்றன. எல்எச் விதைக்குள் இருக்கும் லேடிக் செல்களுக்குப் போய் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கும். எஃப்எஸ்எச் விந்தணுவுக்குத் தீனி கொடுத்து வளர்க்கும் செர்டோலி செல்களுக்குப் போகும். விதையிலிருந்து டெஸ்டோஸ்டிரோனும் இன்ஹிபின் என்ற இன்னொரு ஹார்மோனும் திரும்ப மேலே போய், 'போதும், நிறுத்து' என்று மூளைக்கும் பிட்யூட்டரிக்கும் சொல்லும். (ஜிஎன்ஆர்எச்சைப் பிரித்தெடுத்துக் கண்டுபிடித்ததில் செம்மறிக்கு நேரடிப் பங்கு உண்டு. ரோஜர் கியெமின் அறுப்புக்கூடங்களிலிருந்து செம்மறி மூளைகளைச் சேகரித்து ஆராய்ந்தார், ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளைக் கொண்டு ஆராய்ந்தார், இருவருக்கும் 1977இல் நோபல் பரிசு கிடைத்தது.)

இப்போது டெஸ்டோஸ்டிரோன் ஊசியை வெளியிலிருந்து போட்டால் என்ன ஆகும்? மூளை ரத்தத்தைப் பார்த்து, ஹார்மோன் ஏராளமாக இருக்கிறது என்று முடிவுகட்டி ஜிஎன்ஆர்எச்சைக் குறைத்துவிடும். எல்எச், எஃப்எஸ்எச் இரண்டும் விழும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறைய ஓடும், ஆனால் விந்தணு உற்பத்திக்கு வேண்டியது விதைக்குள்ளேயே ஊறும் டெஸ்டோஸ்டிரோன், அது ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அடர்த்தியானது, அந்த ஊற்று வற்றிவிடும். விதை சுருங்கும். கிடா ஆட்டின்மேல் ஏறிக்கொண்டுதான் இருக்கும், பார்க்கிறவர்களுக்கு ஊசி வேலை செய்கிறது என்றே தோன்றும், சினை மட்டும் நிற்காது. பாதி சினை பிடிக்கிற கிடாவைச் சுத்தமாகப் பிடிக்காத கிடாவாக மாற்றுகிற வேலை இது.

அடுத்து அந்த 1.2. இதை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது. மூளையிலிருந்து ஜிஎன்ஆர்எச் விட்டு விட்டு வருகிறது என்றேன் அல்லவா, அதே போக்கில்தான் எல்எச்சும் எழும்பி எழும்பி அடங்கும், ஒவ்வொரு எழும்பலுக்கும் பின்னால் ஒரு மணி நேரத்துக்குள் டெஸ்டோஸ்டிரோனும் சரசரவென ஏறி மறுபடி இறங்கும். ஒரே கிடாவில், ஒரே நாளில், சில மணி நேர இடைவெளியில் பல மடங்கு வித்தியாசம் சாதாரணம். நீங்கள் ரத்தம் எடுத்தது இறக்கத்தில் இருந்த நேரமாக இருந்தால் 1.2 வரும், ஏற்றத்தில் எடுத்திருந்தால் வேறு எண் வந்திருக்கும், அப்போது இதே கிடாவை அருமையான கிடா என்று சொல்லியிருப்பார்கள். ஆராய்ச்சி நிலையங்களில் ஒரு கிடாவின் ஹார்மோனை அளக்க வேண்டுமென்றால் பல மணி நேரம், சில நிமிஷத்துக்கு ஒருமுறை என்று ரத்தம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். அதற்கு நமக்கு வசதியும் இல்லை, அவசியமும் இல்லை.

சரி, பொறுக்கி வளர்ப்பதால் ஹார்மோன் மாறுமா என்ற உங்கள் அடிப்படைக் கேள்விக்கு வருகிறேன். மாறும். உங்களிடம் சொன்னவர் அந்த அளவில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், எதைப் பார்த்துப் பொறுக்கினால் மாறும் என்பதில்தான் பிசகிவிட்டார்.

ஸ்காட்லாந்தில் எடின்பரோவில் லேண்ட் என்ற விஞ்ஞானியும் அவரோடு இருந்தவர்களும் 1970கள், 80களில் செய்த வேலை இதற்கு நல்ல உதாரணம். பெண்ணாட்டின் சினைப்பையை இயக்குவதும் ஆணின் விதையை இயக்குவதும் அதே எல்எச், எஃப்எஸ்எச்தான், அப்படியானால் கிடாக்குட்டியை அளந்தே அதன் சகோதரிகள் எவ்வளவு நன்றாகக் குட்டி போடுவார்கள் என்று ஊகிக்க முடியாதா என்பது அவர் கேள்வி. சில மந்தைகளில் விதையின் அளவை வைத்துப் பொறுக்கினார்கள். இன்னொரு மந்தையில் 10 வாரக் கிடாக்குட்டிகளுக்கு ஜிஎன்ஆர்எச் கொடுத்து எல்எச் எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்து, அதிகம் எழும்பும் குட்டிகளை ஒரு வழியாகவும் குறைவாக எழும்புவதை இன்னொரு வழியாகவும் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். சில தலைமுறைகளிலேயே இரண்டு வழிக்கும் எல்எச் பல மடங்கு வித்தியாசப்பட்டுவிட்டது. ஆக, ஹார்மோன் பரம்பரையாக இறங்குகிற விஷயம், பொறுக்கினால் நகரும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே ஹார்மோனையே குறிவைத்துப் பொறுக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

மனிதன் ஆட்டைப் பழக்கிய ஆயிரக்கணக்கான வருஷங்களிலும் ஹார்மோனின் போக்கு மாறித்தான் இருக்கிறது. மவ்ஃப்ளான் என்ற காட்டுச் செம்மறியிலும் ஸ்காட்லாந்துத் தீவுகளில் காட்டாடு போலவே திரியும் சோவே செம்மறியிலும் வருஷத்தில் ஒரு பருவத்தில் விதை சுருங்கி ஹார்மோனெல்லாம் அடங்கிப்போகும், நாள் குறுக ஆரம்பித்தால் மறுபடி ஏறும். வீட்டில் வளர்த்துப் பழகிய இனங்களில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. நம் தர்மபுரி பூமத்திய ரேகையிலிருந்து 12 டிகிரியில் இருக்கிறது, மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், அதனால் இங்கே கிடாவின் ஹார்மோனை ஆட்டிவைப்பது பகலின் நீளத்தைவிட வெயிலும் தீனியும்தான்.

இனி உங்கள் பட்டிக்கு வருவோம். எடையை மட்டும் பார்த்துப் பொறுக்கினால் ஹார்மோன் குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உடம்பு பெருத்தால் பொதுவாக விதையும் கூடவே பெருக்கும், ஆகவே எடையைக் குற்றம் சொல்ல முடியாது. உங்கள் வழக்கத்தில் எனக்குப் படும் கோளாறுகள் வேறு இரண்டு.

வேகமாக எடை ஏறுகிற குட்டி யார்? பெரும்பாலும் ஒற்றையாகப் பிறந்து தாயின் பால் முழுவதையும் தனியாகக் குடித்த குட்டி. இரட்டையில் ஒன்றாகப் பிறந்த கிடாக்குட்டி மூன்று மாதத்தில் பக்கத்தில் நிற்கும் ஒற்றைக் குட்டியைவிட ஒல்லியாகத்தான் தெரியும், அதை நீங்கள் சந்தைக்கு அனுப்பிவிடுவீர்கள். மேச்சேரியில் இரட்டை போடுவதே குறைவு, அந்தக் கொஞ்ச நஞ்ச ரத்தத்தையும் வருஷா வருஷம் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். எடை எழுதும்போது கூடவே ஒற்றையா இரட்டையா, தாய்க்கு எத்தனையாவது ஈத்து என்பதையும் எழுதி, இரட்டையை இரட்டையோடும் ஒற்றையை ஒற்றையோடும் ஒப்பிட்டால் இந்தக் கோணல் போய்விடும்.

ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வளர்ந்த கிடாவின் விதை எவ்வளவு பெரிதாகும் என்பதைப் பெரிய அளவில் தீர்மானிப்பது செர்டோலி செல்களின் எண்ணிக்கை, அது குட்டிப் பருவத்திலேயே, பருவத்துக்கு வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அந்தக் காலத்தில் எஃப்எஸ்எச் நன்றாக இருக்க வேண்டும், அதற்கு வயிறு நிறைய வேண்டும். இரட்டைக் கிடாக்குட்டியைப் பொலி கிடாவுக்கு நிறுத்த நினைத்தால் பால்குடி காலத்திலேயே அதற்குத் தனியாகக் குட்டித் தீவனம் வையுங்கள், ஒரு வயசுக்கு மேல் எத்தனை கவனித்தாலும் விட்டது விட்டதுதான்.

இரண்டாவது கோளாறுதான் பெரியது. ஏழெட்டு வருஷமாக வெளிக் கிடா வரவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதலில் வாங்கிய கிடாவின் மகனைப் பொலி கிடாவாக நிறுத்தினீர்கள், அப்போது பட்டியில் இருந்த இளம் பெட்டைகளில் பாதிக்கு மேல் அதே கிடாவின் மகள்கள். அதாவது அப்பன் ஒன்று, தாய் வேறு. இந்தச் சேர்க்கையில் பிறக்கும் குட்டிக்கு உள்கலப்பு 12.5 சதவீதம். அப்பன் மகள், அண்ணன் தங்கை என்று சேர்ந்தால் 25 சதவீதம். அடுத்த தலைமுறையில் இது மேலும் ஏறும். உள்கலப்பு ஏறினால் முதலில் அடிவாங்குவது எடை அல்ல, இனவிருத்தி சம்பந்தப்பட்ட குணங்கள்தான்: விதை சிறுக்கும், விந்தணுவின் தரம் கெடும், கரு ஆரம்பத்திலேயே கலையும், பிறந்த குட்டி தாங்காது. எடையை மட்டும் பார்த்துப் பொறுக்குவதால் எடை தெரியாமல் நின்றுகொண்டே இருக்கிறது, மற்றதெல்லாம் உள்ளே சரிந்துகொண்டு வருகிறது. கிடா பார்க்கப் பெரிதாக இருப்பதும் சினை நிற்காததும் ஒன்றாக நடப்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பரம்பரையை மட்டும் குறை சொல்லி முடித்துவிடக் கூடாது, ஆடி மாதம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் பார்க்க வேண்டும். கிடாவின் உடம்புச் சூடு 39 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும், விதை அதைவிட நாலைந்து டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு உருவாகும். அதற்காகத்தான் விதைப்பை வெளியே தொங்குகிறது. விந்தணு விதைக்குள் உருவாக ஏறக்குறைய ஏழு வாரம், பிறகு முதிர்ந்து வெளியே வர இன்னும் பத்து நாளுக்கு மேல். மொத்தம் இரண்டு மாதம். ஆடியில் ஆட்டுக்குப் போன விந்து வைகாசியில் உருவாக ஆரம்பித்தது. அந்த மாதம் கிடாவை எங்கே கட்டியிருந்தீர்கள்? தகரக் கொட்டகை என்றால் பதில் கிடைத்துவிட்டது. நடுவில் காய்ச்சல் வந்திருந்தாலும் இதே கதைதான். மழைக்காலத்தில் நீலநாக்கு நோய் வந்து பிழைத்த கிடா தெம்பாகத் திரியும், தீனி தின்னும், ஆனால் இரண்டு மாதத்துக்கு அதன் விந்தை நம்ப முடியாது. கொழுப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தையில் கூட்டம் கூடுகிற அளவு கொழுத்த கிடாவுக்கு விதைப்பையின் கழுத்துப் பகுதியில் கொழுப்பு சேர்ந்து, சூடு வெளியேற வழியில்லாமல் செய்துவிடும்.

இன்னொன்று, 45 ஆட்டுக்கு ஒரு கிடா அதிகம். 25லிருந்து 30 ஆட்டுக்கு ஒன்று என்பதுதான் நம் பக்கத்துக்குச் சரி, இளங்கிடா என்றால் அதுவும் குறைய வேண்டும். பட்டியில் இரண்டு கிடா இருந்திருந்தால் ஒன்று சரியில்லை என்றாலும் இவ்வளவு நஷ்டம் வந்திருக்காது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாளைக் காலையில் தையல்காரர் டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒருவரைக் கிடாவைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பின்பக்கமாக உட்காருங்கள். விதைப்பையின் கழுத்தை ஒரு கையால் பிடித்து இரண்டு விதையையும் மெல்லக் கீழே இறக்குங்கள், மிகவும் அகலமான இடத்தில் டேப்பைச் சுற்றி அளவை எழுதுங்கள். டேப் தோலைத் தொட்டால் போதும், இறுக்கக் கூடாது. அப்புறம் இரண்டு விதையையும் தனித்தனியாக விரலால் அழுத்திப் பாருங்கள். உங்கள் கைமுஷ்டியை இறுக்கும்போது கட்டைவிரலின் அடியில் எழும்புகிற சதை மாதிரி கெட்டியாக, அழுத்தினால் திரும்ப எழும்புவதாக இருக்க வேண்டும். கொழகொழவென்று இருந்தால் விந்து உற்பத்தி சரிந்திருக்கிறது. ஒரு பக்கம் சிறுத்து ஒரு பக்கம் பெருத்திருந்தால், கட்டி தட்டுப்பட்டால், அல்லது விதையின் அடியில் வால் மாதிரி இருக்கும் பகுதி வீங்கியிருந்தால், அது தொற்றாக இருக்கலாம், புரூசெல்லா என்ற கிருமிக்கான சோதனை செய்யாமல் அந்தக் கிடாவை ஆட்டோடு விடாதீர்கள், நீங்களும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அளவு எத்தனை சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். வெளிநாட்டு இனங்களுக்குப் போட்ட பட்டியலை வைத்து நம் மேச்சேரியை அளந்து மனசு ஒடிந்துபோக வேண்டாம். அதே வயசு, அதே தீனி உள்ள கிடாக்களை அளந்து ஒப்பிடுங்கள், அதில் மேலே நிற்பதைப் பொறுக்குங்கள். விதைச் சுற்றளவு தகப்பனிடமிருந்து மகனுக்கு ஓரளவு நன்றாகவே இறங்கும் குணம், டேப் தவிர வேறு செலவில்லை. ஒரு எண் மட்டும் காட்டுகிற ரத்தச் சோதனையைவிட உங்கள் கையில் இருக்கும் டேப் கிடாவைப் பற்றி எவ்வளவோ சொல்லும். உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் விந்துச் சோதனை செய்யக் கேளுங்கள்.

தீனி விஷயத்தில் நல்ல செய்தி உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் மெரினோ கிடாக்களுக்கு லூபின் என்ற பயறு வகையைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள், சில நாட்களிலேயே எல்எச் எழும்பல் கூடியது, சில வாரங்களில் விதையும் பெருத்தது. நமக்கு லூபின் வேண்டாம். கொள்ளு இருக்கிறது, கடலைப் பிண்ணாக்கு இருக்கிறது, வேலிமசாலும் அகத்தியும் இருக்கிறது. ஆட்டோடு விடுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே மேய்ச்சலோடு தினம் கால் கிலோ அடர்தீவனம் வையுங்கள், முதல் வாரம் கைப்பிடியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கொழுக்க வைக்கச் சொல்லவில்லை, முதுகெலும்பைத் தடவினால் முள் தட்டுப்படாமல் ஆனால் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும், அந்த அளவு. உங்கள் கிடா இப்போதே அதைத் தாண்டியிருந்தால் அதற்குத் தீவனத்தைக் கூட்டாமல் நடக்க விடுங்கள்.

இந்தக் கிடாவை இனி உங்கள் பட்டியில் பயன்படுத்தாதீர்கள், விந்துச் சோதனை சரியாக வந்தாலும் கூட, ஏனென்றால் உங்கள் பெட்டைகள் அதற்குத் தங்கையும் மகளும்தான். பொட்டனேரியில் மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கால்நடைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, பென்னாகரத்திலிருந்து தூரம் ஒன்றும் இல்லை. அங்கே பொலி கிடா கிடைக்குமா என்று விசாரித்து, வம்சக் குறிப்போடு இரண்டு வாங்கப் பாருங்கள். கிடைக்காவிட்டால் உங்கள் ஊருக்குச் சம்பந்தமில்லாத வேறு பட்டியில், தாய் வருஷா வருஷம் தவறாமல் ஈன்றிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். குந்தாரப்பள்ளி சந்தையிலோ போச்சம்பள்ளியிலோ வாங்கினால் தாயைப் பற்றி யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். எதுவானாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடாவை மாற்றுங்கள், இல்லாவிட்டால் அது தன் மகளையே சேரும்.

கடைசியாக, இரட்டைக் குட்டி போடும் இனத்துக் கிடா. மஹாராஷ்டிராவில் பல்டன் ஊரில் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய நாரி சுவர்ணா ஆடுகளைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், ஓசூர் எல்லை தாண்டினால் அந்தப் பேச்சு நிறைய அடிபடுகிறது. அதில் இருப்பது ஃபெக்பி என்ற ஒரே ஒரு மரபணு மாற்றம். வங்காளத்து சுந்தரவனப் பகுதியின் கரோல் செம்மறிதான் இதற்கு மூலம். 1790களில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி ஆஸ்திரேலியா போய், அங்கே பூரூலா மெரினோ என்று பெயர் வாங்கியதும் இதே ரத்தம்தான். எந்த மரபணு என்று 2001இல்தான் தெரிந்தது. பூரூலாவில் இதன் ஒரு பிரதி இருந்தால் பெட்டைக்கு ஏறக்குறைய ஒன்றரை சினைமுட்டை கூடுதலாக வெளிவரும். உங்களுக்கு இதில் முக்கியம் என்னவென்றால், கிடாவில் இது வெளியே தெரியாது. விதையும் பெரிதாகாது, ஆண் ஹார்மோனும் ஏறாது, ஆகவே உங்கள் சினைப் பிரச்சினைக்கு இது மருந்து அல்ல. கிடா உண்மையில் அந்த மரபணுவைச் சுமக்கிறதா என்பதை ரத்தத்தில் டிஎன்ஏ சோதனை செய்தால்தான் சொல்ல முடியும், சோதனைச் சீட்டு இல்லாமல் யார் எவ்வளவு சொன்னாலும் வாங்காதீர்கள். அதோடு மேச்சேரித் தாய் மானாவாரிக் காட்டில் மேய்ந்துவிட்டு வந்து இரண்டு குட்டிக்குப் பால் கொடுக்க வேண்டும். கோடையில் உங்களிடம் பசுந்தீவனத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் இருக்கிறதா? இல்லை என்றால் இன்னும் இரண்டு வருஷம் பொறுங்கள், முதலில் 45ல் 40 ஆடாவது சினை நிற்கட்டும்.

புதுக் கிடா வந்ததும் மூன்று வாரம் தனியாகக் கட்டிப் பாருங்கள், குடற்புழு மருந்து கொடுத்துவிட்டு, சளி, கழிச்சல், கால்நொண்டல் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு பட்டியில் விடுங்கள். அதற்குள் இப்போதைய கிடாவின் சுற்றளவு, விதையின் கெட்டித்தன்மை, வயசு, வைகாசியில் எங்கே கட்டியிருந்தீர்கள் என்பதை எழுதி அனுப்புங்கள், சினை நிற்காத ஆடுகள் மறுபடி எத்தனை நாளில் பருவத்துக்கு வந்தன என்பதையும் சேர்த்து. 17 நாள் கணக்கில் திரும்பி வந்திருந்தால் பெரும்பாலும் கிடாவின் கோளாறு, அதைவிட நாள் தள்ளி வந்திருந்தால் கரு தங்கிக் கலைந்திருக்கிறது, அப்படியானால் பெட்டைகளையும் சோதிக்க வேண்டியிருக்கும்.